10 மைக்ரோகிராம் பிஎம்பி-2: குப்பியில் இருந்து செல்லுக்குப் போய்ச் சேரும் வரை

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எலும்பு செல்களோடு வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் மார்கழி, தை வாக்கில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். கோபி, தாராபுரம், ராசிபுரம், சங்ககிரி என்று ஊர்கள் மாறும். முதன்முதலாகப் புரதக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் வருகிற கேள்வி மட்டும் மாறாது. "அக்கா, உள்ள ஒண்ணுமே இல்லீங்களே?"

இருக்கிறது கண்ணு. பிஎம்பி-2 என்ற எலும்பு உருவாக்கும் புரதம் 10 மைக்ரோகிராம் இருக்கிறது. நாம் அஸ்கா என்று சொல்லும் வெள்ளைச் சர்க்கரையில் ஒரே ஒரு பரலை எடுத்து வைத்தால், அதை விடப் பல மடங்கு குறைவான எடை. குப்பியின் அடியில் மெல்லிய படலமாக இருக்கலாம், சுவரில் ஒட்டியிருக்கலாம், மூடியின் உட்புறத்தில்கூட இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் போவது சகஜம்.

இத்தனை வருடத்தில் என் கண் முன்னால் கெட்டுப்போன சோதனைகளில் பெரும்பாலானவற்றில் புரதத்தின் மேல் குறை இல்லை. புரதம் செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. மூடியில் ஒட்டிக் குப்பைக்குப் போயிருக்கும், தவறான கரைசலில் திரிந்திருக்கும், ஃப்ரீசரில் உருகி உருகி உறைந்திருக்கும். அதனால் செல் வளர்ப்பைப் பற்றிக் கொஞ்சமாகவும், பெட்டி வந்து இறங்கியதில் இருந்து ஃப்ரீசருக்குள் போகிற வரைக்குமான அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன்.

இது என்ன புரதம்

1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் எலும்புத் துண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டுச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததை விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்பே இருக்கக் கூடாத அந்த இடத்தில் புது எலும்பு உருவானது. அமிலத்துக்குத் தப்பி நின்ற ஏதோ ஒன்று பக்கத்து செல்களை எலும்பு செல்களாக மாறச் சொல்கிறது என்று புரிந்தது. அதற்குப் பின்னால் எலும்பு உருவாக்கும் புரதம் என்ற பொருளில் பிஎம்பி என்று பெயர் வந்தது. 1988-இல் ஜான் வோஸ்னியும் உடன் பணியாற்றியவர்களும் மாட்டெலும்பில் இருந்து பிரித்தெடுத்த புரதத்தின் துப்பை வைத்து மனித மரபணுக்களைக் கண்டுபிடித்துப் படியெடுத்தார்கள். எலும்பில் இந்தப் புரதம் மிக மிகச் சொற்பம். மரபணு கைக்கு வந்த பிறகுதான் மூட்டை மூட்டையாக எலும்பை அரைக்காமல் இதைத் தயாரிக்க முடிந்தது.

அந்த மனித மரபணுவை இன்னொரு செல்லுக்குள் வைத்து, அதைத் தயாரிக்கச் சொல்லி எடுப்பதுதான் ரீகாம்பினன்ட் பிஎம்பி-2. எந்தச் செல்லில் தயாரித்தார்கள் என்பது நமக்கு முக்கியம். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தால் விலை குறைவு. ஆனால் பாக்டீரியாவுக்குள் அது சரியாக மடியாமல் கட்டி கட்டியாகத் திரண்டு நிற்கும். அதை வெளியே எடுத்துக் கரைத்து, மறுபடி மடிய வைக்கிறார்கள். சர்க்கரைச் சங்கிலிகள் அதில் இருக்காது. சைனீஸ் ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களில், அதாவது சிஎச்ஓ செல்களில் செய்தது விலை கூடுதல். அதில் சர்க்கரை ஒட்டியிருக்கும், கரைவதும் எளிது. இரண்டும் வேலை செய்யும். ஆனால் ஒரே விளைவுக்கு ஈ.கோலை வகை பெரும்பாலும் கூடுதல் அளவு கேட்கும். ஒரு கட்டுரையில் படித்த அளவை அப்படியே எடுத்துப் போடும் முன், அவர்கள் எந்த வகையைப் பயன்படுத்தினார்கள் என்று செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள்.

வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் ஒரு கந்தகப் பிணைப்பால் ஜோடி சேர்ந்தது இது. ஈ.கோலை வகையில் ஒவ்வொன்றும் சுமார் 13 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), ஜோடி 26. ஜோடியாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். சந்தேகம் வந்தால், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கலாம். கந்தகப் பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் போட்டால் பட்டை 13-க்குப் பக்கத்திலும், போடாவிட்டால் 26-க்குப் பக்கத்திலும் வர வேண்டும்.

ஆர்டர் போடும் முன்

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டம் போன்ற சிறு உதவித்தொகையில்தான் இங்கே பல பிள்ளைகள் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். அந்தப் பணத்தில் பெரிய பங்கை ஒரே குப்பி விழுங்கிவிடும். ஆகவே ஆர்டர் போடும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். செல் வளர்க்கும் தட்டில் எத்தனை குழி, ஒரு குழிக்கு எத்தனை மில்லி, செல் வளரும் திரவமான ஊடகத்தை எத்தனை முறை மாற்றப் போகிறீர்கள், எத்தனை தடவை திரும்பச் செய்யப் போகிறீர்கள். கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

பிஎஸ்ஏ, அதாவது மாட்டு ரத்தத்தின் ஆல்புமின், சேர்த்ததும் கிடைக்கும், சேர்க்காததும் கிடைக்கும். செல் மேல் போட மட்டும் என்றால் சேர்த்ததை வாங்குங்கள். அந்த ஆல்புமின் பிளாஸ்டிக்கின் ஒட்டும் இடங்களை நிரப்பிவிடுவதால் நம் புரதம் தப்பிக்கும். ஜெல்லில் ஓட்டுவது, வேறு பொருளோடு வேதிமுறையில் இணைப்பது, ஏதாவது படலத்தின் மேல் பூசுவது என்றால் சேர்க்காததுதான் வேண்டும். இல்லாவிட்டால் ஜெல்லில் பிஎஸ்ஏ பட்டைதான் பெரிதாகத் தெரியும்.

என்டோடாக்சின் அளவையும் பாருங்கள். பாக்டீரியாவில் செய்த புரதத்தில் அதன் வெளிச்சுவர்த் துணுக்குகள் தங்கலாம். ஒரு மைக்ரோகிராமுக்கு 1 என்டோடாக்சின் யூனிட்டுக்கும் கீழே என்று தாளில் இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். நோய் எதிர்ப்பு வேலை செய்யும் மேக்ரோஃபேஜ் செல்களைத் தொடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அந்தச் செல்கள் துளி என்டோடாக்சினுக்கே துள்ளிவிடும். அந்தத் துள்ளலைப் புரதத்தின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம் நாள் பார்ப்பது. நல்ல நேரம் இல்லை, கிழமை. வியாழன், வெள்ளியில் அனுப்பினால் பெட்டி சனி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கூரியர் கிடங்கில் கிடக்கும். திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்பச் சொல்லி மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பொங்கல் வாரம், ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தின நாட்கள் வேண்டாம். சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மூடிய வண்டிக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள்.

பெட்டி வந்தாயிற்று

பெட்டியைத் திறந்ததும் ஐஸ் பை உருகிக் கிடந்தால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். பதற வேண்டாம். இந்தப் புரதம் பெரும்பாலும் உறைய வைத்து உலர்த்திய பொடியாக வரும். ஈரம் இல்லாத பொடி ஓரிரு நாள் சாதாரண வெப்பத்தைத் தாங்கும். பல நிறுவனங்கள் சாதாரண வெப்பத்திலேயேதான் அனுப்புகின்றன. கூட வரும் தாளில் அனுப்பும் நிலை என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். உலர் பனியில் வர வேண்டியது, கரைசலாக வர வேண்டியது உருகி வந்திருந்தால் மட்டும் அன்றைக்கே படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது), அந்த லாட்டின் செயல்திறன், எதில் கரைக்க வேண்டும், எவ்வளவு செறிவில் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இங்கே நான் எழுதுவதற்கும் அந்தத் தாளில் இருப்பதற்கும் வித்தியாசம் வந்தால் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

உடனே பயன்படுத்தப் போவதில்லை என்றால் பொடியாகவே -20 அல்லது -80-இல் வையுங்கள். கரைத்து வைப்பதை விடப் பொடியாக வைப்பதுதான் பாதுகாப்பு. "இன்னைக்கு சும்மா தானுங்க இருக்கோம், கரைச்சு வெச்சரலாம்" என்று தோன்றும். சோதனை நாள் குறிக்காமல் கரைக்காதீர்கள்.

எதில் கரைப்பது

இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் மாணவியாக இருந்தபோது முதல் பிஎம்பி-2 குப்பியைப் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைத்தேன். அதற்கு முன் கையாண்ட புரதங்களை எல்லாம் பிபிஎஸ்ஸில்தான் கரைத்திருந்தேன், கை அதே பழக்கத்தில் போய்விட்டது. செல்கள் அசையவில்லை. செல் பழசு என்று புது செல் வாங்கினோம், ஊடகத்தில் சேர்க்கும் சீரம் சரியில்லை என்று சீரம் மாற்றினோம். மூன்று மாதம் போனது. பதில் தாளில் ஒரே வரியில் இருந்தது: 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கவும்.

ஏன் அமிலம்? பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துவிடும். பாலில் இருக்கும் கேசீனின் மின்னேற்றம் பிஹெச் 4.6 வாக்கில் பூஜ்யமாகிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்கள் தள்ளுவதை விட்டுவிட்டு ஒட்டிக்கொள்கின்றன. பிஎம்பி-2 இதற்கு நேர் மாறு. இதன் பூஜ்யப் புள்ளி காரப் பக்கம், 8-க்கும் கொஞ்சம் மேலே. அதனால் புளிப்பில் தெளிவாகக் கரையும், பிபிஎஸ்ஸின் 7.4-க்கு வந்தால் ஒன்றோடொன்று சேர்ந்து திரியத் தொடங்கும். ஈ.கோலை வகையில் இந்தக் குணம் இன்னும் அதிகம். திரிந்தாலும் பால் போலக் கண்ணுக்குத் தெரியாது, அளவு அவ்வளவு குறைவு. கரைசல் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: "செல் ஊடகமும் 7.4 தானுங்களே, அங்க மட்டும் திரியாதுங்களா?" நல்ல கேள்வி. ஊடகத்தில் நாம் போடுவது மில்லிக்கு நானோகிராம் கணக்கில், குப்பியில் வைத்திருப்பதை விட முந்நூறு மடங்கு நீர்த்தது. துகள்கள் ஒன்றை ஒன்று சந்திப்பதே அரிது. சீரத்தில் இருக்கும் ஏராளமான புரதங்களும் அதைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் செறிவாக இருக்கும் வரை அமிலத்தில் வைக்கிறோம், செல்லுக்குப் போடும் நேரத்தில் மட்டும் ஊடகத்தில் கலக்கிறோம்.

அமிலக் கரைசல் தயாரிப்பது இப்படி. கடையில் வரும் 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார். புகை உறிஞ்சும் கூண்டுக்குள், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் 80 மில்லி தண்ணீர் எடுத்து, அதில் 8.3 மில்லி அமிலத்தை மெதுவாக ஊற்றி, 100 மில்லிக்கு நிரப்பினால் 1 மோலார். எப்போதும் தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். அந்த 1 மோலாரில் 0.4 மில்லி எடுத்து 100 மில்லிக்கு நிரப்பினால் 4 மில்லிமோலார். பிஹெச் 2.4 அருகில் காட்ட வேண்டும். தண்ணீர் என்றால் சுத்திகரிப்புக் கருவியில் இருந்து வரும் உயர்தூய நீர். சிறுவாணித் தண்ணீர் நாக்குக்கு எவ்வளவு இனிப்பு என்று தெரியாதா என்ன, ஆனால் அதில் இருக்கும் உப்பு இதற்கு ஆகாது.

அதில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ, அதாவது 100 மில்லிக்கு 100 மில்லிகிராம், கரைத்து, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு சிறு ட்யூப்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டுவதை எல்லாம் புரதம் சேரும் முன்பே முடித்துவிட வேண்டும். கரைத்த பிறகு வடிகட்டினால் நம் 10 மைக்ரோகிராமில் பெரும்பங்கு அந்த வடிகட்டித் தாளிலேயே தங்கிவிடும். இப்படி ஒரு முழுக் குப்பி போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அன்று மதியம் சாப்பிடவில்லை.

குப்பியைத் திறக்கும் நேரம்

ஃப்ரீசரில் இருந்து எடுத்த குப்பியைத் திறக்காமல் மேசை மேல் அரை மணி நேரம் வையுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் குளிர்ந்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனித்துளி கோத்துவிடும்.

பிறகு மைக்ரோஃப்யூஜ் என்ற சிறு சுழற்றும் கருவியில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். மூடியிலும் சுவரிலும் இருப்பது அடிக்கு இறங்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்தவர்களின் புரதம்தான் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. குப்பி ரோட்டரில் பொருந்தாவிட்டால் 50 மில்லி ட்யூபின் அடியில் டிஷ்யூ தாளை வைத்து, அதற்குள் குப்பியை நிறுத்திப் பெரிய சென்ட்ரிஃப்யூஜில் மெதுவான வேகத்தில் சுற்றலாம்.

செல் வளர்ப்புக் கூண்டுக்குள் திறந்து, தயாராக இருக்கும் அமிலக் கரைசலில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து, சுவர் ஓரமாகச் சுற்றி வழியும்படி விடுங்கள். மூடி, குப்பியைச் சாய்த்துச் சாய்த்து உருட்டுங்கள். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவி வேண்டவே வேண்டாம், பிப்பெட்டால் இழுத்து இழுத்து விடுவதும் வேண்டாம். மோர் சிலுப்புவது போல் நுரை வந்தால் அந்த நுரையின் விளிம்பிலேயே புரதம் விரிந்து கெட்டுப்போகும். 15, 20 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, நடுவில் இரண்டு மூன்று முறை உருட்டினால் போதும். மறுபடி ஒரு சிறு சுற்று. இப்போது உங்களிடம் இருப்பது மில்லிக்கு 100 மைக்ரோகிராம்.

உடனே பிரித்துவிடுங்கள். புரதம் ஒட்டாத வகை ட்யூப் இருந்தால் அதில், 10 மைக்ரோலிட்டர் வீதம். கணக்குப்படி பத்து வர வேண்டும், கையில் ஒன்பதுதான் வரும். மிச்சம் பிப்பெட் நுனியிலும் குப்பிச் சுவரிலும் போய்விடும். அதைச் சுரண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ட்யூபிலும் 1 மைக்ரோகிராம். பெயர், செறிவு, லாட், தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து ஆகியவற்றை உறைகுளிர் தாங்கும் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். சாதாரண மார்க்கர் எழுத்தை ஒரு சொட்டு எத்தனால் துடைத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு ட்யூபை எடுத்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

ஃப்ரீசரும் மின்தடையும்

-80 இருந்தால் அதில், இல்லாவிட்டால் -20-இல். ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டாம். பனியை நீக்க அது அடிக்கடி உள்ளே சூடேற்றும். 10 மைக்ரோலிட்டர் மாதிரி சின்னத் துளி அந்தச் சூட்டில் ஒவ்வொரு முறையும் இளகி இறுகும், கொஞ்சம் கொஞ்சமாக உலரவும் செய்யும். பனி படியும் பழைய வகைதான் நமக்கு நல்லது. கதவில் வைக்காமல் பின்சுவர் ஓரமாக, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒவ்வொரு துணைமின் நிலையமும் ஒரு நாள் காலை 9 மணி வாக்கில் நின்று மாலையில்தான் திரும்பும். நாளைய மின்தடை என்று பேப்பரில் முந்தின நாளே வந்துவிடும். அதைப் படித்து ஆய்வகக் கதவில் எழுதி ஒட்டும் வேலையை ஒரு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புங்கள். மின்சாரம் போனாலும் அந்தப் பனிக்கட்டி பல மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். அன்று முழுக்கக் கதவைத் திறக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, யாரும் இல்லாத நேரத்தில் போய் வந்த மின்சாரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சின்னக் கப்பில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திங்கட்கிழமை நாணயம் பனிக்கு மேலேயே இருந்தால் நல்லது. பனிக்குள் புதைந்தோ அடியிலோ இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. இது ஒரு முரட்டுக் கணக்குதான். நாணயம் அசையாவிட்டாலும் சூடு -5 வரைக்கும் ஏறி இறங்கியிருக்கலாம். பணம் இருந்தால் வெப்பம் பதிவு செய்யும் கருவி வாங்குங்கள்.

செல்லுக்குக் கொடுப்பது

தொடக்கத்துக்கு நான் சொல்வது சி2சி12, எலியின் தசை முன்னோடிச் செல். புனேயில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையத்தில் இருந்து செல்கள் வாங்குவது இங்கே வழக்கம். 1994-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது இது: மில்லிக்கு 300 நானோகிராம் பிஎம்பி-2 கொடுத்தால் தசையாக வேண்டிய இந்தச் செல்கள் பாதை மாறி எலும்பு செல்லின் குணங்களைக் காட்டத் தொடங்குகின்றன. ஆறு நாளில் விளைவு தெரியும் என்பதால் புதியவர்களுக்கு இதுதான் தோது.

இப்போது கணக்கு. 10 மைக்ரோலிட்டர் ட்யூப் ஒன்றை 3.3 மில்லி ஊடகத்தில் கலந்தால் மில்லிக்கு 300 நானோகிராம். அதில் 1 மில்லி எடுத்து 2 மில்லி வெறும் ஊடகம் சேர்த்தால் 100. அதில் இருந்து 1 மில்லி எடுத்து மறுபடி 2 மில்லி சேர்த்தால் சுமார் 33. இருபத்து நான்கு குழித் தட்டில் குழிக்கு அரை மில்லி வீதம், ஒவ்வொரு அளவுக்கும் மூன்று குழி போட இது தாராளமாகப் போதும். மூன்றாம் நாள் ஊடகம் மாற்றும்போது இன்னொரு ட்யூப். ஆக ஒரு சோதனைக்கு இரண்டு ட்யூப், ஒரு குப்பிக்கு நான்கு சோதனை, கையில் ஒன்று மிச்சம். அந்த மிச்சத்தைத் தொட வேண்டாம், கடைசியில் சொல்கிறேன்.

ஒப்பீட்டுக் குழிகளுக்கு வெறும் ஊடகம் மட்டும் போட்டால் போதாது. புரதம் இல்லாத அதே அமில, பிஎஸ்ஏ கரைசலில் 10 மைக்ரோலிட்டரை 3.3 மில்லியில் கலந்து போட வேண்டும். அமிலம் செல்லைக் கொன்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஊடகத்தில் சேரும் அமிலம் 12 மைக்ரோமோலார்தான், டிஎம்இஎம் என்ற நம் ஊடகத்தில் இருக்கும் பைகார்பனேட் 44 மில்லிமோலார். இருந்தாலும் அந்த ஒப்பீடு இல்லாமல் முடிவை எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

குழிக்கு 30,000 செல் வாக்கில் விதைத்து, மறுநாள் சீரத்தை 5 சதவீதமாகக் குறைத்து, புரதம் கலந்த ஊடகத்தைக் கொடுங்கள். செல் வளர்க்கும் குடுவையில் சி2சி12-ஐ ஒருபோதும் நெருக்கி வளர விடாதீர்கள். முக்கால்வாசி நிறையும் முன்பே பிரித்துவிட வேண்டும். நெருங்கினால் தானாகவே இணைந்து தசைக்குழாயாகப் போய்விடும், அதற்குப் பிறகு அவை பாதை மாறாது.

நாலாம் நாளில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஒப்பீட்டுக் குழிகளில் நீள நீளமான தசைக்குழாய்கள் தெரிய ஆரம்பித்திருக்கும். 300 நானோகிராம் அளவு போட்ட குழிகளில் அது இருக்காது, செல்கள் தனித்தனியாக நிற்கும். எந்த ரசாயனமும் தொடாமல் புரதம் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் பார்க்க வைப்பேன்.

அளப்பது

ஆறாம் நாள், செல் எலும்புப் பக்கம் திரும்பியதற்கு அடையாளமான ஏஎல்பி என்ற ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியை அளக்கலாம். செல்லை 0.1 சதவீத ட்ரைட்டானில் உடைத்து, பிஹெச் 10 வாக்கில் பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் போட்டு 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் வைத்தால் மஞ்சள் நிறம் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு நிறுத்தி 405 நானோமீட்டரில் படியுங்கள். அதே கரைசலில் மொத்தப் புரதத்தையும் பிசிஏ முறையில் அளந்து வகுத்தால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

மூன்று இடங்களில் கால் இடறும். கடைசியாகக் கழுவுவதைப் பிபிஎஸ்ஸில் செய்யாமல் ட்ரிஸ் கலந்த உப்புக் கரைசலில் செய்யுங்கள், பாஸ்பேட் இந்த நொதியைத் தடுக்கும். இடிடிஏ உள்ள கரைசலில் செல்லை உடைக்காதீர்கள், நொதிக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். குறிப்பிட்ட புரதத்தைத் தேடிக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட் சோதனைக்குப் போடும் பாஸ்பட்டேஸ் தடுப்பானையும் பழக்கத்தில் இதில் போட்டுவிடக் கூடாது, அளக்க வந்த நொதியும் ஒரு பாஸ்பட்டேஸ்தான்.

மஞ்சளே வரவில்லையா? ஒரு ட்யூபை எடுத்து, செல்லுக்கு 45 நிமிடம் மட்டும் கொடுத்து, பிஎம்பி-2-இன் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்மாட் 1, 5 புரதங்களில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று வெஸ்டர்ன் ப்ளாட்டில் பாருங்கள். இங்கே தடுப்பான் கட்டாயம் வேண்டும். ஏறியிருந்தால் பிஎம்பி-2 உயிரோடு இருக்கிறது, கோளாறு செல்லிலோ நொதி அளவீட்டிலோ. ஏறவில்லை என்றால் புரதம் வழியிலேயே போய்விட்டது, கரைத்த நாளின் குறிப்பேட்டை எடுங்கள். விளைவு வந்தவர்களும் ஒரு குழியில் நாகின் என்ற தடுப்புப் புரதத்தைச் சேர்த்துப் பாருங்கள். விளைவு அடங்கினால்தான் அது பிஎம்பி-2-ஆல் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு பிள்ளை கேட்டது

"எங்க அம்மாயிக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு கூடவே மாட்டேங்குதுங்க. இதுல துளி எடுத்துப் போட்டா ஆகாதுங்களா அக்கா?" கேட்டபோது அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. கூடாது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியில் எழுதியிருப்பது சடங்குக்கு இல்லை. மனிதருக்குப் போடும் தூய்மைச் சோதனை எதுவும் இதற்கு நடந்திருக்காது. மருத்துவத்துக்கான பிஎம்பி-2 தனியாக இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவைக்கு அனுமதி வாங்கியது. கொலாஜன் பஞ்சில் ஊற வைத்து வைப்பார்கள். அதன் செறிவு மில்லிக்கு 1.5 மில்லிகிராம், நம் 300 நானோகிராமைப் போல 5,000 மடங்கு. அதிலேயே, கழுத்தெலும்பு அறுவையில் போட்டவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதால் 2008-இல் அங்கே எச்சரிக்கை விட வேண்டி வந்தது. எலும்பு கூடவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் மறுபடி கூட்டிப் போக வேண்டும். அந்த அம்மாயியைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லி அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.

ஒன்பதாவது ட்யூப்

அடுத்த குப்பி வேறு லாட்டில் வரும். அதே பெயர், அதே நிறுவனம், அதே விலை என்றாலும் செயல்திறன் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். தை மாதம் எடுத்த எண்ணையும் புது லாட்டில் ஆனியில் எடுத்த எண்ணையும் ஒரே படத்தில் போட்டால் அந்த வித்தியாசம் உங்கள் முடிவு மாதிரி வேஷம் போடும். அதற்குத்தான் அந்த ஒன்பதாவது ட்யூப். புதுக் குப்பியைக் கரைத்த அன்று பழைய லாட்டின் இந்த ஒரு ட்யூபையும் எடுத்து, ஒரே தட்டில், ஒரே செல்லில், பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் 300, 100, 33 மூன்றையும் போடுங்கள். ஒரே ட்யூப்தான் என்பதால் இதை மட்டும் மூன்றாம் நாள் ஊடகம் மாற்றாமல் அங்கேயே நிறுத்தி அளந்துகொள்ளலாம். இரண்டு லாட்டின் ஏஎல்பி எண்களையும் லாட் எண்ணோடு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, புதுக் குப்பியிலும் ஒரு ட்யூபின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஃப்ரீசரின் பின்சுவர் ஓரமாகத் தள்ளி வையுங்கள்.